சேற்றில் இறங்கிய வண்டி

கேள்வி: கிராமத்தை வரைகிற ஓவியர்கள் ஒன்று பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி வரைகிறார்கள், இல்லாவிட்டால் வறுமையைக் காட்டி அழவைக்கிறார்கள். வேறு மாதிரி யாருமே இல்லையா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இருக்கிறார். வங்காளத்து ஜைனுல் ஆபெதின். 1914-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கிஷோர்கஞ்சில் பிறந்து, பிரம்மபுத்திரா ஓரத்தில் வளர்ந்தவர்.

அழவைக்கவும் செய்தார், மறைக்க மாட்டேன். 1943 பஞ்சத்தின்போது கல்கத்தா ஓவியப் பள்ளியில் ஆசிரியர். நெல் விளைவித்த ஜனங்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு அந்த நகரத்துக்கு வந்து, வீட்டு வாசல்களில் நின்று வடிகஞ்சி கேட்டார்கள். சோறு இல்லை அம்மா, வடிகஞ்சி! அவர்களைத் தெருவிலேயே பார்த்துப் பார்த்து, பொட்டலம் கட்டுகிற மலிவான காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்தார். தூரிகையில் மை குறைவு; கோடு வறண்டு, இழுபட்டுப் போகும். நிழல், நளினம் என்று எதுவும் சேர்க்கவில்லை. பக்கத்தில் காக்கைகள் மட்டும் கொழுகொழுவென்று இருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்பதற்குப் பதில் அவருடைய ‘சங்க்ராம்’ ஓவியம்தான். போராட்டம் என்று அர்த்தம். பெயரைக் கேட்டதும் கொடி, கோஷம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பாரவண்டி ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. மாடுகள் முன்னால் இழுக்க, வண்டிக்காரர் குனிந்து உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளுகிறார். அவ்வளவுதான் படம். அந்த ஆள் மேல் நமக்குப் பரிதாபம் வரவில்லை. கூடப் போய் ஒரு கை கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

சின்ன வயதில் வாய்க்கால் கரையில் அப்பாவோடு நானும் இப்படித் தள்ளியிருக்கிறேன். தள்ளும்போது கண்ணுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் தவிர வேறு எதுவும் தெரியாது. குதிகால் வழுக்கும், மாட்டை அதட்டுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வலித்தது தோள்பட்டைதான்.

அப்புறம் 1970-ல் ‘நவான்னம்’ என்று 65 அடி நீளச் சுருளோவியம் வரைந்தார். நவான்னம் என்றால் புது அரிசிச் சோறு, அறுவடைத் திருநாள். உங்கள் பொங்கல் வாழ்த்து அட்டைதான், ஆனால் விளைச்சலில் தொடங்கி பஞ்சம்வரை போகிறது.

எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி மூட்டைகளை இறக்கிய பிறகுதான் அசைந்தது.