செழிப்பு உபதேசத்தில் நல்லதே இல்லையா? அடகு மேசைக்குப் பின்னால் இருப்பவனின் பதில்

கேள்வி இதுதான்: "அம்மா போகும் சபையில் ‘கொடுத்தால் நூறு மடங்கு வரும்’ என்று போதிக்கிறார்கள். நான் அனுப்பும் காசில் பாதி அங்கேதான் போகிறது. இந்தச் செழிப்பு உபதேசத்தில் நல்லது ஏதும் உண்டா, இல்லை முழுக்க ஏமாற்றா?"

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், அம்மா ஊரில் தனியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த நிலைமையில்தான் இருப்பார்கள்.

நான் மட்டக்களப்பில் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். பிறந்தது பழைய மிஷன் சபை ஒன்றில், அதுவும் எது என்று வேண்டாம். ஆகவே ‘நீ பெந்தெகொஸ்தேக்காரருக்கு எதிரி’ என்று ஒரு கூட்டம் வரும், ‘அல்லேலூயாக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறாய்’ என்று இன்னொரு கூட்டம் வரும். வரட்டும்.

அடகு வைக்க வருபவரிடம் காரணம் கேட்பது எங்கள் வேலையில்லை. கேட்காமலே சொல்லுவார்கள். பிள்ளையின் கம்பஸ் செலவு, பெரும்போக விதைப்பு, மகளின் சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா உபயம், வெளிநாட்டு ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய காசு. ‘கூட்டத்தில விதை விதைக்கப் போறன்’, அதாவது காணிக்கை கொடுக்கப் போகிறேன், என்பதும் இடைக்கிடை வரும். உபயத்துக்கு அடகு வைப்பவரை ஏமாந்தவர் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. சபைக்குக் கொடுப்பவரைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த உபதேசம் 20 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. ஈ. டபிள்யூ. கென்யன் எழுதிவைத்த எண்ணங்களைக் கெனத் ஹேகின் ஊரெங்கும் பரப்பினார்: விசுவாசித்து வாயால் அறிக்கை செய், அது உனக்கு ஆகும். காணிக்கையை விதையாகவும் அதற்கு வரும் பலனை அறுவடையாகவும் பேசும் பழக்கத்தைப் பரப்பியவர் ஓரல் ரொபர்ட்ஸ். அவருக்குப் பிடித்த வசனம் 3 யோவான் 2: "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." முழுக் கடிதத்தையும் வாசித்துப் பாருங்கள். காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க நலவிசாரிப்பு அது. நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, அந்த வகை. அதை எல்லாருக்குமான காசு வாக்குத்தத்தமாக மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தசமபாகத்தை, அதாவது வரவில் பத்தில் ஒன்றை, கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்று கடவுள் சொல்லும் மல்கியா 3:10 உம் அப்படித்தான். ‘என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி’ என்று அந்த வசனத்திலேயே இருக்கிறது. உபாகமம் 14 ஐப் பார்த்தால், மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சாப்பாடாகப் போகவேண்டும். வானத்தின் பலகணிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள் இந்த ஆகாரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் எங்கள் பழைய சபைக்காரர் கைதட்டியிருப்பார்கள். ஆனால் என் அண்ணனின் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் மேசன். வாழைச்சேனைப் பக்கம் கல்யாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டார். 2009 க்குப் பிறகு இங்கே வீட்டுத்திட்டம், பாடசாலைக் கட்டிடம் என்று வேலைக்குக் குறைவில்லை. காசு வந்தது, வந்த வழியே கசிப்புக்கு, கள்ளச் சாராயத்துக்கு, போனது. எங்கள் சபையிலிருந்து ஒருவரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்றின் பாஸ்டர்தான் போனார். அவரும் வயலில் கூலிக்கு நிற்கிறவர். அண்ணனின் மனைவியை, என் மச்சாளை, கூட்டிப் போனார், பிறகு அண்ணனும் போனார், குடி நின்றது. எப்படி நின்றது என்று என்னால் விளக்கமுடியாது. நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே சொன்னது செழிப்பு உபதேசம்தான். ‘கடவுள் உன்னைத் தலையாக்குவார், வாலாக்கமாட்டார்.’ தசமபாகம் கட்டாயம். பத்தில் ஒன்று கொடுக்கவேண்டுமென்றால் மொத்தம் எவ்வளவு என்று தெரியவேண்டும், இல்லையா? எங்கள் குடும்பத்தில் யாருமே வரவைக் கணக்குப் பார்த்ததில்லை. மச்சாள் ஒரு கொப்பியில் அண்ணனின் நாட்கூலியை எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, மேலே சிவப்புப் பேனையால் தசமபாகம். ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டுக்குச் சீமெந்து நிலம் வந்தது, மகளுக்கு ரியூஷன் வந்தது. விதை பலன் தந்தது என்று மச்சாள் சொல்வார். கொப்பி பலன் தந்தது என்று நான் சொல்வேன். ஆனால் அந்தக் கொப்பியை வாங்கவைத்தது அந்த உபதேசம். எங்கள் சபைப் பிரசங்கம் எதுவும் அவர்களைக் கொப்பி வாங்கவைக்கவில்லை.

இதில் எங்கள் ஆட்கள் சிரிக்க ஒன்றுமில்லை. 1814 இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து மெதடிஸ்த பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பையும் உத்தியோகத்தையும் மனதில் வைத்துச் சேர்ந்திருப்பார்கள்! என் பூட்டன் கந்தோரில் கிளாக்கர் ஆனது எப்படி என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் மேலே வந்த ஏணி கௌரவம், கூலிக்காரன் மேலே வர ஆசைப்பட்டால் மட்டும் பேராசை. மெதடிஸ்தத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியே ‘முடிந்த அளவு சம்பாதி, முடிந்த அளவு சேமி, முடிந்த அளவு கொடு’ என்று பிரசங்கித்தவர். எங்கள் பழைய சபைகள் முதல் இரண்டையும் நன்றாகவே பிடித்துக்கொண்டன.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாவின் செத்த வீட்டில், பிரேதம் நடுவீட்டில் இருக்க, சபைச் சந்தா பாக்கி இருக்கிறது என்று ஒரு பெரியவர் கொப்பியோடு வந்தார். கட்டினால்தான் மணி அடிப்பார்களாம். நான் கட்டினேன். அன்றைக்குத் தேநீர் ஊற்றி, கதிரை அடுக்கி, பாயில் இருந்தவர்களுக்குச் சோடா கொடுத்தது அண்ணனின் தகரக்கூரைச் சபைப் பொடியன்கள். கனடாவில் இருக்கும் எங்கள் மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘கள்ளப் போதகர்கள் ஜாக்கிரதை’ என்று கிழமைக்கு ஒரு வீடியோ போடுகிறார். அம்மாவின் செலவுக்கு அவர் அனுப்பியது பூங்கொத்துப் படம் ஒன்று. சரி, அது வேறு கதை.

2022 இல்தான் மறுபக்கத்தைப் பார்த்தேன். நாடு கடன் கட்டமுடியாது என்று அறிவித்த வருடம். சீமெந்துப் பை 3000 ரூபாயைத் தொட்டது, யாரும் வீடு கட்டவில்லை, அண்ணனுக்கு வேலையில்லை. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஓர் ஊழியக்காரர் ஆசீர்வாதக் கூட்டம் நடத்த வந்தார். தகரக்கூரைப் பாஸ்டர் மேடையில் ஓரமாக நின்றார், பேச்செல்லாம் வந்தவருடையதுதான். பஞ்ச காலத்தில் ஈசாக்கு விதைத்து நூறு மடங்கு அறுத்தான், உங்களிடம் இருப்பதில் சிறந்ததை விதையுங்கள் என்றார். ஆதியாகமம் 26 இல் ஈசாக்கு விதைத்தது தானியம், நிலத்தில். அதை விட்டுவிடுவோம்.

இரண்டு நாள் கழித்து மச்சாள் என் மேசைக்கு முன்னால். தாலியை மட்டும் கழற்றி நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தங்கத் தாலிக்கொடியைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இதுக்கு எவ்வளவு எடுக்கலாம் எண்டு பாருங்க."

உறவுக்காரரின் நகையை நான் மதிப்பிடக்கூடாது. பக்கத்து மேசைக்கு அனுப்பினேன். உரைகல்லில் தேய்த்துத் திராவகம் விடுவதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ரூபாய் விழுந்து தங்கம் ஏறியிருந்ததால் மச்சாள் எதிர்பார்த்ததைவிடக் கூடக் காசு கிடைத்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, விதைக்க முதலே பெருகுது" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன், அண்ணனுக்கும் போன் எடுத்தேன். அவர் ‘அவளின்ர கொடி, அவளின்ர விசுவாசம்’ என்று வைத்துவிட்டார்.

அறுவடை வரவில்லை. வட்டிதான் ஏறியது. கூட்டம் நடத்தியவர்களின் ஜெப இலக்கத்துக்கு மச்சாள் அழைத்தபோது, வீட்டில் எங்கோ சாபம் மறைந்திருக்கிறது, தேடுங்கள் என்று சொல்லப்பட்டது. தேடினார். மச்சாளின் அம்மா சைவம். அவர் சீதனமாகக் கொடுத்த குத்துவிளக்கு ஒன்று அறைமூலையில் சாக்குக்குள் கிடந்தது. அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். கொடியைவிட எனக்கு இதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கொடுக்கும்போது கடவுள் கடன்காரர், கிடைக்காதபோது குற்றவாளி நீ. காசு கேட்டதை மன்னித்தாலும், காசு போனவளிடமே பழியையும் சுமக்கச் சொன்னதை மன்னிக்க என்னால் முடியவில்லை. எல்லாம் இழந்து கிடந்த யோபுவிடம் அவரின் நண்பர்களும் இதைத்தான் சொன்னார்கள், அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுளே கோபித்துக்கொண்டார். அந்தப் புத்தகம் இவர்களின் வேதாகமத்திலும் இருக்கிறது.

அந்தத் தகரக்கூரைப் பாஸ்டருக்கு விஷயம் தெரியவந்து ஒரு பொழுதுபட சைக்கிளில் அரிசிப் பையோடு வந்தார். "சிஸ்டர், அது உங்கட அம்மாவின்ர விளக்கு. அதில ஒரு சாபமும் இல்ல" என்றாராம். அதன் பிறகு அந்த ஊழியக்காரரைத் தன் சபைக்கு அவர் கூப்பிட்டதாக நான் அறியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் தசமபாகம் பற்றித்தான் பிரசங்கித்தார்! இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

உலக அளவிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. போர் முடிந்து சிதைந்து கிடந்த தென்கொரியாவில் 1958 இல் போதகர் யொங்கி சோ தொடங்கிய சபை, ஏழைகளிடம் ‘கடவுள் உன் வயிற்றையும் நினைக்கிறார்’ என்று சொல்லியே உலகின் மிகப்பெரிய சபையானது. அதே சோ 2014 இல் சபைப் பணத்துக்கு நட்டம் ஏற்படுத்திய குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்றார். இந்த உபதேசத்துக்குப் பேர்போன தொலைக்காட்சி ஊழியக்காரர் பெனி ஹின் 2019 இல், இனிமேல் விதைக்குத் தொகை குறித்துக் கேட்கமாட்டேன், சுவிசேஷத்துக்கு விலை போடுவது பிழை என்று மேடையிலேயே சொன்னார். உலகளாவிய சுவிசேஷக் கிறிஸ்தவ அமைப்பான லொசான் இயக்கத்தின் ஆபிரிக்க இறையியலாளர் கானாவில் 2008, 2009 இல் கூடி எழுதிய அறிக்கையும் எனக்குப் பிடிக்கும். உழைப்பையும் கடவுளின் வல்லமையையும் அது ஏற்றுக்கொள்கிறது. வறுமைக்கு விசுவாசக் குறைவே காரணம் என்பதை மறுக்கிறது.

கொடி என்னானது என்று கேட்பீர்கள். அண்ணன் கட்டாருக்குப் போனார், அந்த வருடம் இலட்சக்கணக்கில் போனவர்களோடு. அவர் அனுப்பிய காசில் மீட்டாயிற்று. மச்சாள் சபையில் சாட்சி சொன்னார்: கர்த்தர் கதவைத் திறந்தார், கொடி திரும்பி வந்தது. நானும் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டேன். அந்தச் சாட்சியில் வட்டி வரவில்லை, கட்டார் வெயிலும் வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மீட்டது அவர்கள் கொடி, நன்றி சொல்வதும் அவர்கள் உரிமை.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். காசை உடனே நிறுத்தாதீர்கள். நீங்கள் இல்லாத வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அது அந்தச் சபைதான் என்றால் கோபத்தைக் கொஞ்சம் குறைக்கவேண்டியிருக்கும். அப்புறம் அந்தச் சபையில் கொடுத்தும் ஒன்றும் நடக்காத குடும்பம் ஒன்றை விசாரியுங்கள், எல்லாச் சபையிலும் இருக்கும். அவர்கள் இன்னும் அங்கே முன்வரிசையில் இருக்கிறார்களா, வெட்கப்பட்டு வராமல் நின்றுவிட்டார்களா, அவர்கள் வீட்டுக்கு அரிசிப் பை போனதா, சாபம் தேடச் சொல்லி ஆள் போனதா? காணிக்கைக் கணக்கை ஆண்டுக்கு ஒருதரமாவது வாசிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அம்மா நகை ஏதும் அடகு வைத்திருந்தால் சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள். தவணை தவறினால் ஏலத்துக்குப் போகும், அதில் விசுவாசிக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

பின்னூட்டத்தில் மல்கியா 3:10 போட வருபவர்களுக்கு: வேண்டாம், எனக்கு மனப்பாடம். மாமா வாசித்தால், அந்தச் சந்தாக் காசில் பாதியை இப்போதும் அனுப்பலாம்.