அப்பாவின் பாதயாத்திரைப் படங்கள்: எடுத்த இடத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். காலஞ்சென்ற என் தந்தையார் 1979 ஆம் ஆண்டில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாகச் சென்றார். அப்போது எடுத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களும் அவற்றின் நெகட்டிவ்களும் ஒரு கடித உறையில் இருக்கின்றன. எந்தப் படத்தின் பின்புறத்திலும் இடத்தின் பெயர் இல்லை. தலையற்ற தென்னைகள், நீரைக் கடக்கும் ஒரு பாதை (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை), ஒரு மைல் கல், கடலருகே பாறை, பெரிய மரங்கள் சூழ்ந்த ஆறு எனப் பல காட்சிகள் உள்ளன. அடுத்த ஆண்டு யாத்திரை செல்லவிருக்கும் என் மகன் அதே இடங்களில் நின்று படம் எடுக்க விரும்புகிறான். இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இத்தகைய தேடலில் பெரும்பாலானோர் மிகத் தெளிவான படத்தை முதலில் எடுத்துக்கொண்டு அது எந்தக் கோயில், எந்தக் கரை என்று ஊகிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று நெகட்டிவ்களே. சுருளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து, ஒவ்வொரு சுருளுக்குள்ளும் படங்கள் எடுக்கப்பட்ட வரிசையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யாத்திரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரே கோடாகச் செல்வதால், பதினோராம் படம் வெருகல் என்றும் பதினாறாம் படம் மாமாங்கம் என்றும் உறுதியானால், இடையிலுள்ள நான்கும் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவிலன்றி வேறெங்கும் இருக்க முடியாது. தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத படம், அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களால்தான் இடம் பெறுகிறது.

வரிசை எழுதும்போதே ஒவ்வொரு படமும் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் கடல் மறுபக்கம் போய்விடும். பெயர்ப்பலகையின் எழுத்து இதை உடனே காட்டிக்கொடுக்கும். எழுத்து இல்லாத படத்தில் பெண்களின் சேலைத் தலைப்பு எந்தத் தோளில் விழுகிறது என்று கவனியுங்கள். கூட்டத்தில் அனைவருக்கும் அது வலத்தோளில் இருந்தால் படம் புரண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது திசை. இதில் ஒரு பொறி இருக்கிறது. நிழலைக் கொண்டு திசை காணும் முறையை விளக்கும் பெரும்பாலான கையேடுகள் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று சொல்கின்றன. அவை நம்மைவிட மிகவும் வடக்கேயுள்ள நாடுகளுக்காக எழுதப்பட்டவை. இலங்கை ஏறத்தாழ 6 முதல் 10 பாகை வரையான வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களிலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. பாதயாத்திரைக் காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் தந்தையாரின் படங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழுந்திருக்கும். ஜூலை நடுப்பகுதியில், தென்கிழக்குக் கரையிலுள்ள உகந்தையில் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை வடக்கே சாய்ந்திருப்பதால், ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் நண்பகல் நிழல் ஒன்றரை அடியளவில் தெற்கே கிடக்கும். இதை அறியாமல் கையேட்டு முறையைப் பின்பற்றினால் வரைபடத்தையே தலைகீழாகப் பிடித்துத் தேட நேரும். நிழலின் நீளமும் ஆளின் உயரமும் சமமாக இருந்தால் நேரம் காலை ஒன்பது மணியை அல்லது பிற்பகல் மூன்று மணியை ஒட்டியது. காலை நிழல் மேற்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து விழும். மாலை நிழல் கிழக்கே நீளும். கிழக்குக் கரையில் இதன் பயன் பெரிது: நிழல் கடலை நோக்கி நீண்டால் அது மாலை, கரையை நோக்கி நீண்டால் காலை.

நேரமும் திசையும் தெரிந்தபின் கமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பது தானாகவே புலப்படும். தெற்கு நோக்கி நடப்பவருக்குக் கடல் இடப்புறம் இருக்கும். கல்லடியிலிருந்து கல்முனைப் பக்கம் செல்லும் நீண்ட நிலத்தில் இடப்புறம் அலையடிக்கும் கடலும் வலப்புறம் மட்டக்களப்பு வாவியும் இருப்பதால், படத்திலுள்ள நீரில் நுரை இருக்கிறதா இல்லையா என்பதே பாதி விடையைத் தந்துவிடும். வேலோடு கட்டிய கொடி பறக்கும் பக்கத்தையும் பாருங்கள். ஆடி மாதத்தில் அங்கே வீசும் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. பிற்பகலில் கடற்காற்று எழுந்து இதை மாற்றிவிடுவதுண்டு என்பதால், கொடியைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட தலையற்ற தென்னைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைய கண்ணுக்கு அவை போரின் தடம் போலத் தோன்றலாம். உங்கள் படங்களோ 1979 ஐச் சேர்ந்தவை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பையும் அதை அடுத்த கரையோரத்தையும் நாசமாக்கி, தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தும் முறித்தும் சென்றது. உங்கள் தந்தையார் எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில் அந்தத் தோப்புகளினூடே நடந்திருக்கிறார். முறிந்த மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் படங்களை மட்டக்களப்பைச் சூழ்ந்த கரையோரத்துக்குரியவையாகக் கொள்ள இது வலுவான காரணம். நீங்கள் சொல்லும் ஆண்டு சரிதானா என்பதையும் இவையே உறுதிப்படுத்துகின்றன. அந்த அழிவின் புகைப்படங்கள் இன்று அரிதாகிவிட்டன. எனவே இந்தப் படங்களைக் குடும்ப நினைவாக மட்டும் கருதாமல், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிலமும் பேசும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை. உருண்டு திரண்ட கரும்பாறைகள் பின்னணியில் இருந்தால் அந்தப் படத்தைக் குடாநாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஜூலையில் பச்சை வயலோ அறுவடைக்கு நிற்கும் கதிரோ தெரிந்தால், சிறுபோகத்துக்கு நீர் பாயும் இடமாக அது இருக்க வேண்டும். கல்லோயாத் திட்டத்தின் நீர் சேரும் அம்பாறைக் கரையோர வயல்களை முதலில் நினைவிற் கொள்ளுங்கள். மானாவாரி வயல்கள் அந்த மாதத்தில் வெறும் அரிதாளாகவே கிடக்கும்.

நீரைக் கடக்கும் பாதைக்கு மூன்று இடங்களை முதலில் சோதிக்கலாம். கிண்ணியாவில் 2009 வரையும் மண்முனையில் 2014 வரையும் பாலம் இல்லை, பாதைதான். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் அவ்வாறே கடந்தார்கள். கிண்ணியாவில் நீர்ப்பரப்பு அகன்று, தொலைவில் குன்றுகள் தென்படும். மற்ற இரண்டும் தாழ்ந்த, தட்டையான வாவிக்கரைகள். இவற்றுள் வேறுபாடு காணத் திசை உதவும். மாமாங்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரைத் தரிசிக்கச் செல்பவர்கள் மண்முனையில் மேற்கு நோக்கிக் கடப்பார்கள். மண்டூர் முருகனைத் தரிசித்தபின் குருமண்வெளிக்கு வருபவர்கள் கிழக்கு நோக்கிக் கடப்பார்கள். ஆட்களின் முகத்தில் விழும் வெயிலும் படம் எடுத்த நேரமும் எது என்பதைச் சொல்லிவிடும்.

மைல் கல்லின் எண் வாசிக்கத்தக்கதாக இருந்தால் உங்களுக்கு மெத்த அதிர்ஷ்டம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 வீதியின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர், தூரம் கொழும்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கித் தெற்கே நடப்பவருக்கு எண்கள் குறைந்துகொண்டே வரும். கல்லில் இருக்கும் மைல் எண்ணை 1.6 ஆல் பெருக்கி, கிடைக்கும் தூரத்தில் இன்று என்ன ஊர் இருக்கிறது என்று பாருங்கள். படத்தின் வரிசையோடு அந்த ஊர் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் அது வேறு வீதியின் கல்லாக இருக்கலாம்.

கடலருகே உள்ள பாறைக்கு மூன்று இடங்கள் போட்டியிடும். திருகோணமலைச் சுவாமிமலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் உயர்ந்த குன்று, ஆதலால் அதை மாறிக் கருத வாய்ப்பில்லை. அறுகம்பைக்குத் தெற்கேயுள்ள யானைப்பாறையும் உகந்தைப் பாறைகளும்தான் குழப்புபவை. உகந்தையில் முருகன் கோயில் பாறையடியிலும் வள்ளியம்மன் கோயில் மேலேயும் இருக்கின்றன, பாறைகளின் மேல் சுனைகளும் உண்டு. படத்தில் சுனையோ, கற்படியோ, வேல் நாட்டிய மேடையோ சிறிதளவு தெரிந்தாலும் உகந்தை என்று துணியலாம். இணையத்தில் தேடும்போது, பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குன்றுகள் மேல் அமைந்த குடும்பிகல பௌத்த ஆரணியத்தை மட்டக்களப்பின் மேற்கேயுள்ள குடும்பிமலையோடு கலந்துவிடாதீர்கள். இரண்டும் வெகு தொலைவான இடங்கள்.

உகந்தைக்கு அப்பால் காடு. அன்று யால கிழக்கு எனப்பட்டு 2006 இல் குமண என்று பெயர் மாறிய அந்தப் பகுதியில் வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, அதைக் கடந்தபின் யால காட்டில் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் தொடர்கின்றன. இங்கே கட்டிடம் இல்லை, பலகை இல்லை. பாலையும் வீரையும் நிற்கும் வறண்ட காடு எங்கும் ஒரே முகமாகவே இருக்கும். உங்களிடமுள்ள ஆற்றுப் படத்தில் நிற்பவை பெரும்பாலும் மருத மரங்களாகவே இருக்கும். குமுக்கன் ஆற்றிலும் மாணிக்க கங்கையிலும் அவை ஒன்றுபோல் நிற்பதால் மரத்தை நம்பி முடிவு செய்ய இயலாது. மணலைப் பாருங்கள். அகன்ற வெண்மணலில் குழி தோண்டி ஊற்றுநீர் எடுப்பவர்களும், அடுப்புக் கற்களும், மூட்டை முடிச்சுகளும் இருந்தால் குமுக்கன். கரையில் படிக்கட்டோ, பாலமோ, கடைகளின் கூரையோ தெரிந்து, ஆட்கள் பொதியின்றி நீராடினால் கதிர்காமத்து மாணிக்க கங்கை. ஆற்றுக்குள் பாறைகளும் அருகே பிள்ளையார் கோயிலும் இருந்தால் செல்லக்கதிர்காமத்தை நினையுங்கள். வெறும் காட்டுப் பாதையில் வரிசையாக நடக்கும் படங்களுக்கு, "குமுக்கனுக்கும் கட்டகாமத்துக்கும் இடையில்" என்று எழுதுவதே நேர்மையான விடை.

கொழும்பில் இருப்பது உங்களுக்கு வசதி. நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் வரைபடங்கள் விற்பனைக்கு உண்டு. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட பழைய தாள்கள் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். அன்றைய வண்டிப்பாதையும் குளமும் அவற்றில்தான் இருக்கும். கூகுளின் வீதிக் காட்சி பெரிய வீதிகளுக்கு உதவும், காட்டுக்குள் உதவாது. கைப்பேசியின் படத்தேடலைக் கோயில்களுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அது தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைக் காட்டி உறுதியாகப் பேசினாலும் நம்பிவிடாதீர்கள். கும்பாபிஷேகந்தோறும் வர்ணமும், சில வேளைகளில் கோபுரமும் மாறிவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கட்டிடங்கள் பல இல்லாமலே போயின. கோபுரத்தை விட்டு, கேணியின் அமைப்பு, அரசமரம், பின்னால் தெரியும் குன்றின் விளிம்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

அந்தக் காலத்தில் நடந்த சாமிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டி "இது உகந்தைதானே?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே ஆமென்று சொல்லிவிடுவார்கள். "இது எந்த இடம் சாமி?" என்று மட்டும் கேளுங்கள். இருவரைத் தனித்தனியே கேட்டு, சொன்ன காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் கேட்டிருக்கக் கூடாது. படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் விவரம் மங்கிவிடும், ஆகவே அச்சிட்ட பிரதியையே காட்டுங்கள், அல்லது ஆவணக் கோப்பாக அனுப்புங்கள்.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் இடத்தையும், அது உறுதியா, பெரும்பாலும் சரியா, ஊகமா என்பதையும், எந்தச் சான்றால் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறத்தைக் கெடுக்கும். உங்கள் மகனிடம் முதலில் உறுதியான இடங்களின் படங்களை மட்டும் கொடுத்து அனுப்புங்கள், ஊகங்களை அவர் நடந்து பார்த்துச் சொல்லட்டும். உகந்தையிலிருந்து செல்லும் காட்டுப்பாதை யாத்திரிகர்களுக்கு ஆடித் திருவிழாவை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே திறக்கப்படுகிறது. திறக்கும் திகதி ஆண்டுதோறும் மாறுவதால், அறிவிப்பு வந்ததும் பயணத் திகதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். தந்தையார் நின்ற அதே நேரத்தில் மகன் நின்றால்தான் நிழல் ஒப்பிடத்தக்கதாக இருக்கும். ஆகவே நீங்கள் கணக்கிட்ட நேரத்தையும் ஒவ்வொரு பிரதியிலும் குறித்துக் கொடுங்கள்.