கேசட் கடைக்காரர் பதில்கள்

போன இதழில், "வெளிநாட்டுப் பேய், பூதம், சண்டைப் படங்களைப் பற்றிக் கேளுங்கள்" என்று விளையாட்டாக ஒரு வரி எழுதிவிட்டேன். கடிதம் குவிந்துவிட்டது. நான் சினிமா படித்தவன் இல்லை. கும்பகோணத்தில் 1986 முதல் 2004 வரை வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன். எந்தப் படம் எந்த இடத்தில் தேய்ந்து திரும்பி வரும் என்று தெரியும், அவ்வளவுதான் தகுதி.

கல்லூரி மாணவர், சேலம்:
'ரிங்' என்ற ஜப்பானியப் படத்தை நண்பர்கள் மிரட்டி மிரட்டிப் பார்க்க வைத்தார்கள். டிவிக்குள்ளிருந்து பேய் வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்கள் உண்மையிலேயே பயந்தீர்களா சார்?

எதில் பார்த்தீர்கள் தம்பி? செல்போனில் என்றால் சிரிப்புதான் வரும். உள்ளங்கையளவு திரையிலிருந்து பேய் எட்டிப் பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும்.

1998-ல் ஹிடியோ நகாட்டா எடுத்த படம். ஒரு கேசட் இருக்கிறது, அதைப் பார்த்தவர் ஏழு நாளில் செத்துப்போவார். தப்பிக்க ஒரே வழி, அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குப் போட்டுக் காட்டுவது. அடப்பாவிகளா, எங்கள் தொழிலே அதுதானே! சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த கேசட்டில், இரவு ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகப் பார்த்தேன். அது எத்தனையாவது பிரதியோ, படம் முழுக்கப் புள்ளி, ஓரத்தில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. கதையில் வரும் கேசட்டும் அப்படியேதான் இருக்கிறது. எது படத்தின் கோடு, எது என் வீடியோ டெக்கின் கோடு என்று புரியாமல், நடுவில் நிறுத்தி, டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கோடு போகவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. படம் முடிந்ததும் முதல் வேலையாக அதை ரீவைண்ட் செய்து வைத்தேன். ரீவைண்ட் செய்யாமல் திருப்பித் தருபவர்களிடம் ஒரு ரூபாய் அபராதம் வாங்கியவன், பழக்கதோஷம்.

அந்தப் பேய்ப் பெண் கிணற்றிலிருந்து ஏறி வருகிற நடையை மட்டும் மறுபடி பாருங்கள். நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்து எடுத்து, பிலிமைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். கால் முன்னால் வருகிறது, உடம்பு பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் இல்லை.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
அண்ணை, பேய்ப்படம் எண்டாலே எனக்குக் கொட்டாவிதான் வருது. சின்ன வயதில் பங்கருக்குள்ள இருந்து ஷெல் சத்தம் எண்ணினவளுக்கு இதெல்லாம் ஒரு பயமோ? என்னையும் பயப்படுத்தக்கூடிய படம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.

நீங்கள் எண்ணியதை நான் எண்ணியதில்லை தங்கச்சி. அதனால் தயக்கத்தோடுதான் ஒரு படம் சொல்கிறேன்: 'அண்டர் தி ஷேடோ', 2016. இயக்குநர் பாபக் அன்வரி, ஈரான்-ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தெஹ்ரானில் பிறந்தவர். பேசுவது பாரசீகம், தயாரிப்பு பிரிட்டன், எடுத்தது ஜோர்டானில்.

1988. தெஹ்ரான் மேல் ஈராக்கின் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. மருத்துவப் படிப்பைத் தொடர விடாமல் தடுக்கப்பட்ட ஒரு பெண், அவளுடைய சின்ன மகள், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கணவன் டாக்டர், போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் மேல்மாடியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஏவுகணை விழுகிறது, ஆனால் வெடிக்கவில்லை. இவள் வீட்டுக் கூரையில் ஒரு விரிசல். அதன் வழியாக ஜின் என்கிற கெட்ட ஆவி வந்துவிட்டது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இவள் படித்தவள், நம்பவில்லை. ஏணி போட்டு ஏறி விரிசலின் மேல் டேப் ஒட்டுகிறாள். ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் கட்டிக்கொண்டு கிளம்புகிறது. மகளின் பொம்மையைக் காணோம். பொம்மை கிடைக்காமல் அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வரமாட்டாள்.

எனக்குத் தூக்கம் போன இடம் ஜின் வரும் காட்சி இல்லை. ஓர் இரவு பேய்க்குப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடுகிறாள். அங்கே ரோந்துக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன்? தலையில் துணி இல்லை. உள்ளே பேய், வெளியே இவர்கள், மேலே ஏவுகணை. எதற்குப் பயப்படுவது என்று அவளுக்கே வரிசை தெரியவில்லை. அவளை எச்சரித்து வீட்டுக்கே, அந்தப் பேயிடமே, திருப்பி அனுப்புகிறார்கள்.

பார்க்க வேண்டாம் என்று தோன்றினாலும் சரிதான். பார்த்தால், அந்த டேப் ஒட்டும் காட்சியைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். சரியாக எடுத்திருக்கிறார்களா என்பதை என்னைவிட நீங்கள்தான் சொல்ல முடியும்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்:
26 வருஷமா வண்டி ஓட்டுறேன். சினிமாவில் ஹீரோ லாரி ஓட்டினால் ஸ்டியரிங்கைச் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பான், எரிச்சலாக வரும். லாரியை லாரியாகக் காட்டிய படம் உலகத்தில் ஒன்றாவது உண்டா?

உண்டு அண்ணே. 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்', பிரெஞ்சுப் படம், 1953, ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ. உங்களுக்காகவே எடுத்தது போல இருக்கும்.

தென் அமெரிக்காவில் ஓர் எண்ணெய்க் கிணறு தீப்பிடித்துவிடுகிறது. பெரிய வெடி வைத்துத்தான் அந்தத் தீயை அணைக்க முடியும். அதற்கு நைட்ரோகிளிசரின் வேண்டும். கொஞ்சம் குலுங்கினாலே வெடிக்கிற சரக்கு. அதைக் கரடுமுரடு மலைப்பாதையில் கொண்டுபோக இரண்டு லாரி, நாலு பேர், ஆளுக்கு 2000 டாலர். தென் அமெரிக்கா என்று சொல்கிறார்களே தவிர, எடுத்தது முழுக்கத் தெற்கு பிரான்ஸில். நம்பவே முடியாது.

முதல் ஒரு மணி நேரம் வண்டி கிளம்பாது. வேலையில்லாதவர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கடையில் இதை எடுத்துப்போனவர்களில் பாதிப் பேர் "லாரியே வரலை" என்று அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் பொறுத்திருங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். கொல்லிமலையில் எழுபது வளைவு ஏறியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மடக்கில் திரும்பாது, பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் இருப்பது பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிற உளுத்துப்போன மரத்தளம். கிளீனர் கீழே நின்று கைகாட்ட வேண்டும்.

அங்கேதான் படமே இருக்கிறது. மாரியோ இளைஞன், ஜோ வயதானவன், பழைய ரவுடி. ஊரில் இருக்கும்வரை ஜோவுக்குத்தான் கெத்து, மாரியோ அவன் பின்னாலேயே சுற்றுவான். வண்டி கிளம்பிய பிறகு ஜோவுக்கு உதறல் எடுக்கிறது. மாரியோ டிரைவர் ஆகிறான், ஜோ கிளீனர் ஆகிறான். அப்புறம் மாரியோ அவனை நடத்துகிற விதம் இருக்கிறதே! உங்கள் தொழிலில் இப்படி ஆள் மாறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு காட்சி. ஜோ ஓடும் வண்டியில் சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான். திடீரென்று காகிதத்திலிருந்து புகையிலை மட்டும் பறந்துவிடுகிறது. ஒரு நொடி ஒன்றும் புரியாது. பிறகுதான் வெளிச்சம். முன்னால் போன லாரி இனி இல்லை. ஒரு வெடிவிபத்தை இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு கொடூரமாகவும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதே கதையை 1977-ல் வில்லியம் ஃபிரீட்கின் 'சார்சரர்' என்று மறுபடி எடுத்தார். ஸ்டார் வார்ஸ் வந்து ஒரு மாதத்தில் வெளியாகி, அந்த அலையில் அடித்துக்கொண்டு போனது. மழையில் தொங்குபாலத்தில் லாரி சாய்ந்து சாய்ந்து போகும் காட்சி ஒன்று போதும். மனிதர்கள் என்றால் பழைய படம், லாரி என்றால் இது. இரண்டையும் பாருங்கள், லோடு இல்லாத நாளில்.

பெயர் வேண்டாம், கும்பகோணம்:
புரூஸ் லீயா, ஜாக்கி சானா?

உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும், 'போலீஸ் ஸ்டோரி' கேசட் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. ஜாக்கி சான்தான். புரூஸ் லீ அடித்தால் மற்றவனுக்கு வலிக்கும், ஜாக்கி சான் அடித்தால் அவருக்கே வலிக்கும். 1985-ல் அந்தப் படத்தில் வணிக வளாகத்துக் கம்பத்தில், எரிகிற சீரியல் பல்புகளைப் பிய்த்துக்கொண்டு சறுக்கி உள்ளங்கையைச் சுட்டுக்கொண்ட மனிதர். அவர் படக் கேசட்டுகளில் கடைசி ஐந்து நிமிடம்தான் முதலில் தேயும். பெயர் ஓடும்போது அடிபட்ட காட்சிகளைக் காட்டுவார் அல்லவா, ஜனங்கள் அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

ஓர் அம்மா, கோயம்புத்தூர்:
என் எட்டு வயதுப் பையனுக்கு டைனோசர் பைத்தியம். பழைய கறுப்பு வெள்ளை 'காட்ஜில்லா' காட்டலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. அது பொம்மைப் படம் போலத் தெரிகிற துக்கப் படம். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் சாம்பல் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். அவர்களில் ரேடியோ இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் படம் வெளியாகிவிட்டது. அந்தக் குண்டுச் சோதனைகள் கிளப்பிவிட்ட பூதம்தான் காட்ஜில்லா. படம் தொடங்குவதே ஒரு கப்பல் எரிவதில்தான். டோக்கியோ எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, இறந்துபோன அப்பாவிடம் போய்விடலாம் என்று சொல்லுகிற இடத்தில் உங்கள் பையன் டைனோசரை மறந்துவிடுவான்.

2023-ல் வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' வண்ணப்படம்தான், ஆனால் அதுவும் பெரியவர்களுக்கே. சுமார் 35 பேர் சேர்ந்து செய்த கிராஃபிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எனக்குப் பிடித்தது கிராஃபிக்ஸ் இல்லை, மரப்படகு. போர் முடிந்து கடலில் மிச்சமிருக்கும் காந்தக் கண்ணிவெடிகளை எடுக்கிற வேலைக்குப் போகிறான் நாயகன். இரும்பு பக்கத்தில் வந்தாலே வெடிக்கும் என்பதால் மரத்தாலான ஓட்டைப் படகு. அந்தப் படகோடு காட்ஜில்லாவை எதிர்கொள்ள வேண்டும்!

பையனுக்கு இதை மட்டும் சொல்லுங்கள். முதல் காட்ஜில்லாவின் உறுமல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, தோல் கையுறையில் பிசின் தடவி, டபுள் பாஸின் தளர்த்திய தந்தியை உருவி எடுத்த சத்தம். வீட்டில் வயலின் இருந்தால் முதலில் அதை ஒளித்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

உதவி இயக்குநர், சென்னை:
ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' பார்த்துத் தூங்கிவிட்டேன். வெளியே சொல்லலாமா?

தாராளமாக. நானும் தூங்கினேன். இரண்டாம் முறை காலையில் காபி குடித்துவிட்டுப் பார்த்தேன். 1979-ல் எடுத்த அறிவியல் புனைகதைப் படம், ராக்கெட் கிடையாது, வேற்றுக்கிரகவாசி கிடையாது. எஸ்டோனியாவில் பாழடைந்த இடங்களில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து நிறைந்த, தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகிறவர்கள், நட்டில் துணியைக் கட்டி முன்னால் எறிந்து, அது விழுந்த இடம்வரை மட்டும் நடக்கிறார்கள். ஒரு நட்டு, ஒரு முழம் துணி, வெறும் புல்வெளி. அந்தப் புல்லில் கால் வைக்க எனக்கே தயக்கமாகிவிட்டது. முதலில் எடுத்த பிலிம் லேபில் பாழாகி, மறுபடி எடுத்த படம் இது. உங்கள் இயக்குநர் திட்டும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, மதுரை:
என் மகள் 'ட்ரெய்ன் டு புசான்' மாதிரி படமே இல்லை என்கிறாள். அப்படியா?

முக்கால்வாசி அப்படித்தான். ரயில் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு கதவு, கழிப்பறை, சாமான் வைக்கும் பரண், சுரங்கப்பாதை எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்திருக்கிறார் கொரிய இயக்குநர் யோன் சாங்-ஹோ. கண்ணாடிக் கதவில் ஈரச் செய்தித்தாளை ஒட்டியதும் ரயிலில் நடமாடும் அந்தப் பிணக்கூட்டம், ஜாம்பிகள், அடங்கிவிடுகிறது பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கோபமும் இல்லை! ஆனால் அந்தக் கோட்டுப் போட்ட கம்பெனி அதிகாரியை இவ்வளவு கெட்டவனாக்கியிருக்க வேண்டாம். தப்பி வந்தவர்களை உள்ளே விடாமல், பெட்டியில் இருந்த மற்ற எல்லோரும்தான் கதவை மூடினார்கள். ஒருவன் தலையில் பழியைப் போட்டதும் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது. 2020-ல் இதன் தொடர்ச்சியாக வந்த 'பெனின்சுலா'வை மகள் போடச் சொன்னால் சமையலறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி:
கௌபாய் படம் எடுத்த இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். அவர் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவைக் காப்பியடித்தவர்தானே ஐயா?

ஆமாம் ஐயா. குரோசாவாவின் 1961 'யோஜிம்போ'தான் 1964-ல் லியோனின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆனது. ஜப்பான்காரர்கள் வழக்குப் போட்டு, உலக வசூலில் 15 சதவீதம் வாங்கிக்கொண்டார்கள். வட்டிக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். மூலத்தில் வாள்காரர்கள் நடுவே ஒருவன் மட்டும் கைத்துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டே வருவான், அந்தச் சிரிப்பு லியோனிடம் இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் லியோனின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யில் வரும் மயானம் யாரிடமும் காப்பியடித்தது இல்லை. ஸ்பெயின் ராணுவ வீரர்களை வைத்து ஆயிரக்கணக்கில் கல்லறை மேடு போட்டார்கள். படப்பிடிப்பு முடிந்து புல் மூடிப்போன அந்த இடத்தை, ஐம்பது வருடம் கழித்து ரசிகர்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டி மீட்டிருக்கிறார்கள். யாருமே புதைக்கப்படாத இடுகாட்டுக்குத் திவசம் கொடுத்த மாதிரி!

மூன்று நண்பர்கள், திண்டுக்கல்:
செல்போனில் ஒரு ஜாம்பிப் படம் எடுக்கப் போகிறோம். கையில் காசு இல்லை. எந்தப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் அண்ணா?

'ஒன் கட் ஆஃப் தி டெட்'. ஜப்பான், 2017, ஷினிச்சிரோ உயெடா. செலவு சுமார் 30 லட்சம் யென். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். பார்க்கவே மோசமாக இருக்கும். நடிகர்கள் வசனம் மறந்தது போல முழிப்பார்கள், கேமரா தரையில் கிடக்கும், யாரோ காரணமே இல்லாமல் கத்துவார்கள். நிறுத்தாதீர்கள். என் கடையாக இருந்திருந்தால் ஊரில் பாதிப் பேர் அங்கேயே கேசட்டை எடுத்திருப்பார்கள், நானும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாவமாக நின்றிருப்பேன். அந்த 37 நிமிடத்தில் நடந்த ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் என்ன நடந்தது என்பதுதான் மிச்சப் படம். இதற்கு மேல் சொன்னால் என்னை அடிக்க வேண்டும்.

கிரேன் இல்லாமல் உயரத்திலிருந்து ஒரு ஷாட் எடுப்பது எப்படி என்று கடைசியில் காட்டுகிறார்கள். நீங்கள் மூன்று பேர் போதாது, இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகு பலமாக இருப்பவர்களாகப் பார்த்து.

அப்புறம், என்னிடம் ஒரு பழைய வி.எச்.எஸ். கேமரா பரண் மேல் கிடக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, வயர் செருகினால் ஓடும். வேண்டுமென்றால் வந்து எடுத்துப்போங்கள். வாடகை வேண்டாம். கேசட்டை ரீவைண்ட் செய்து கொண்டுவந்து கொடுங்கள்.