யின் யோகாவை வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியுமா? 5 நிமிடம் சும்மா இருப்பதற்கு ஆசிரியர் எதற்கு?

முடியும். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தைகளில் கேட்டவள்தான். அப்படி நினைத்ததன் பலனை என் இடது முழங்கால் 7 மாதம் அனுபவித்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவரும் இல்லை, யோகா ஆசிரியரும் இல்லை. 5 வருடமாக வாரம் மூன்று நாள் செய்துவருகிறேன், அவ்வளவுதான் என் தகுதி. "தகுதி இல்லாதவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது" என்று எழுத வருகிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். தகுதி உள்ள ஒருவர் என் காலை என்ன செய்தார் என்பதும் இதில் வருகிறது.

உங்கள் நிலைமை இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நாள் முழுக்க நாற்காலி வேலை, எழுந்திருக்கும்போது இடுப்பு பலகை மாதிரி இருக்கிறது, சூரிய நமஸ்காரம் போட உடம்பில் தெம்பு இல்லை. யாரோ தலையணைமேல் கவிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிற வீடியோவைப் பார்த்ததும், 'இது நம்மால் முடியுமே' என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் தப்பே இல்லை.

யின் யோகாவில் ஆசனங்கள் பெரும்பாலும் உட்கார்ந்தோ படுத்தோ செய்பவை. ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும், நன்றாகப் பழகியவர்கள் அதற்கு மேலும் இருப்பார்கள். தசையை இறுக்கக் கூடாது, தளர விட வேண்டும். தசை தளர்ந்தால்தான் இழுப்பு அதையும் தாண்டி, தசையைச் சுற்றியுள்ள ஜவ்வுக்கும் மூட்டைப் பிடித்திருக்கும் நார்களுக்கும் போய்ச் சேரும். அவை சட்டென்று இளகுகிற சாதி இல்லை. அதனால்தான் இத்தனை நிமிடம். இடுப்பும் தொடையும் கீழ்முதுகும்தான் இதில் முக்கியமான இடங்கள்.

மூன்று விதி சொல்லிக்கொடுப்பார்கள். உன் எல்லைவரை வா, அங்கே அசையாமல் இரு, நேரம் கொடு. இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். முதலாவதைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். எல்லை என்றால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் அப்படியே நினைத்தேன்.

வண்ணத்துப்பூச்சி என்று ஓர் ஆசனம். பத்தகோணாசனம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். அதில் குதிகால் உடம்போடு ஒட்டியிருக்கும், இதில் பாதங்களைச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் தள்ளி விட்டுவிடுவோம். முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். முதுகை நிமிர்த்தாமல் வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு முன்னால் சாய வேண்டும். அந்த வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்கு முழங்கால் தரையைத் தொட்டது, இல்லை தொடப் பார்த்தது. எனக்கு மட்டும் ஒரு ஜாணுக்கு மேல் உயரத்திலேயே நின்றது.

பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் தரையில் உட்கார்ந்து ஏதாவது படிக்கும்போதெல்லாம் பாதத்தைச் சேர்த்து வைத்து, முழங்கையால் தொடையை அமுக்கிக்கொண்டே இருப்பேன். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் பின்னாலிருந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு முழங்கால் மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "மூச்சை விடுங்க, எதிர்க்காதீங்க" என்றார். இடது முழங்காலின் உட்பக்கத்தில் சுளீர் என்றது. அசையக் கூடாது என்பது விதியாயிற்றே. மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவர் அழுத்தியதைவிட, நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அதிகம் வலிக்கிறது.

மறுநாள் படி இறங்க முடியவில்லை. ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போது உயிர் போயிற்று. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, முழங்காலை மடக்கித் திருப்புகிற எதையும் செய்யக் கூடாது என்று நிறுத்திவைத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். எனக்கு விஷயத்தை விளங்கவைத்தது அந்த பிசியோதெரபிஸ்ட்தான். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தூக்கி, தொடையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். ஓர் இடத்தில் டக்கென்று நின்றது. "உள்தொடையில் இழுக்குதா?" என்று கேட்டார். இல்லை. இடுப்புக்கு வெளிப்பக்கம், பின்னால், ஏதோ முட்டுகிற மாதிரி இருந்தது. "அது எலும்பு. அதை எவ்வளவு நாள் பிடிச்சு இழுத்தாலும் இளகாது" என்றார்.

முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், பக்கவாட்டில் திரும்புகிற வேலையை இடுப்பு மூட்டுதான் செய்ய வேண்டும். இடுப்பில் எலும்பு முட்டி நின்றுவிட்ட பிறகும் கீழே அழுத்தினால், அந்தத் திருகல் எங்கே போகும்? முழங்காலுக்குத்தான் போகும். என் இடுப்புக் குழியின் அமைப்பு அப்படி. அதன் ஆழமும் அது பார்த்திருக்கிற திசையும் ஆளுக்கு ஆள் மாறும். தொடை எலும்பின் மேல்முனை திரும்பியிருக்கிற கோணமும் மாறும். என் பக்கத்துப் பாயில் இருந்தவளுக்கு வந்த முதல் நாளே முழங்கால் தரையைத் தொட்டது அவள் சாமர்த்தியமும் இல்லை, எனக்குத் தொடாதது என் சோம்பேறித்தனமும் இல்லை.

இதை யின் யோகாவில் யாரும் சொல்லவில்லை என்று நான் பழி போடவில்லை. சொல்லப்போனால் இந்த முறையைப் பரப்பியவர்களே சொன்ன விஷயம்தான் இது. அமெரிக்காவில் குங்ஃபூ வீரரான பாலி சிங்க் என்பவர் சீனத்தின் தாவோ மரபு சார்ந்த யோகா ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவந்தார். 1980களின் கடைசியில் அவரிடம் போன பால் கிரில்லி, நீண்ட நேரம் இருக்கிற ஆசனங்களை எடுத்துக்கொண்டு, அதோடு உடற்கூறியலையும், ஜப்பானியரான ஹிரோஷி மோட்டோயாமாவிடம் கற்ற சக்தி ஓட்டப் பாதைகளையும் (உடம்பில் உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்கிற வழிகள்) சேர்த்தார். யின் யோகா என்ற பெயர் நிலைத்ததில் அவரிடம் படித்த ஆசிரியை சாரா பவர்ஸுக்குப் பங்கு உண்டு. இந்த கிரில்லி பாடம் எடுக்கும்போது வெவ்வேறு ஆட்களின் தொடை எலும்புகளை வரிசையாக வைத்துக் காட்டுவார். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. படத்தில் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே என்று.

"இதெல்லாம் நம்முடைய ஆசனம்தானே, சீனப் பெயர் வைத்தால் புதுசாகிவிடுமா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். உருவம் பலவும் ஹடயோகத்தில் இருப்பவைதான், மறுக்கவில்லை. பச்சிமோத்தானாசனத்தை முதுகை வளைத்துத் தளர விட்டால் அது கம்பளிப்பூச்சி; ஹலாசனம் இங்கே நத்தை. ஆனால் செய்கிற விதமும் நோக்கமும் வேறு. சக்தி ஓட்டப் பாதை பற்றி நான் வாதாட வரவில்லை, எனக்குக் கைகொடுத்தது எலும்பும் ஜவ்வும் பற்றிய பாடம்தான்.

கால் ஆறியதும் வேறு ஓர் ஆசிரியரிடம் போனேன், வயதான அம்மா. முதல் நாள் வண்ணத்துப்பூச்சியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார், தொடவில்லை.

"எங்கேம்மா இழுக்குது?"

"முழங்கால்ல, டீச்சர். லேசாத்தான்."

"முழங்கால்ல இழுக்கவே கூடாதும்மா, லேசாக்கூட. வெளிய வா."

ஒரு போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காரச் சொன்னார். இடுப்பு தானாக முன்னால் சாய்ந்தது. பாதங்களை இன்னும் ஒரு ஜாண் தள்ளி வைக்கச் சொன்னார். இரண்டு தொடைக்கு அடியிலும் ஒவ்வொரு தலையணை. "இப்போ எங்கே இழுக்குது?" உள்தொடையில், மிக மெல்லிசாக. "போதும், அங்கேயே இரு" என்றார். அந்த வகுப்பில் அவர் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான். யார் எவ்வளவு குனிந்தார்கள் என்று பார்க்கவே மாட்டார்.

அப்போதுதான் 5 நிமிடம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. முதல் நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கும், இன்னும் குனியலாமே என்று மனசு தள்ளும். குனியக் கூடாது. இரண்டாவது நிமிடத்தில் தாடை இறுகியிருப்பது தெரியும். அதைத் தளர விட்டால் இடுப்பும் ஒரு நூல் இறங்கும், ஏனென்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் இறங்குகிறது. மூன்றாவது நிமிடத்தில் கட்டைவிரல் நகம் வெட்டாமல் இருப்பது கண்ணில் படும், கை பரபரக்கும். நான்காவதில் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். அந்த நேரத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும், இது வெறும் பொறுமையின்மையா, இல்லை உடம்பு எச்சரிக்கிறதா என்று. மந்தமான, அகலமான இழுப்பு என்றால் இருக்கலாம். குத்தல், எரிச்சல், மின்சாரம் மாதிரி ஓடுவது, மரத்துப்போவது, மூட்டுக்குள் வலி, இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். 'அசையாதே' என்ற விதி அங்கே செல்லாது. இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் ஆசிரியர். சும்மா இருப்பதற்கு இல்லை.

சும்மா என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வீட்டில் ஒரு அறைக் கதவைச் சாத்திவிட்டு யாராவது ஒரு மணி நேரம் போனில் பேசினால் எல்லோரும் மெதுவாக நடப்பார்கள், முக்கியமான பேச்சாம். நான் 20 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால், "அம்மா சும்மாதான் இருக்கா, கேளு" என்று ஆள் அனுப்புகிறார்கள். சார்ஜர் எங்கே, சாவி எங்கே, நாளைக்கு யார் வருகிறார்கள். ஒரு பெண் அசையாமல் இருந்தால் அவளுக்கு வேலை இல்லை என்று அர்த்தமா? இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட ஆரம்பித்ததற்கு ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று மாதமாவது உங்கள் உடம்பைக் கண்ணால் பார்க்கிற ஓர் ஆசிரியரிடம் போங்கள். தொடுவதற்கு முன் கேட்கிறாரா, எங்கே இழுக்கிறது என்று விசாரிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் அங்கே இருக்காதீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆரம்பத்தில் வண்ணத்துப்பூச்சி, கம்பளிப்பூச்சி, குப்புறப் படுத்து முழங்கையில் நிமிர்கிற ஸ்பிங்ஸ், இந்த மூன்றே போதும். ஒவ்வொன்றும் 2, 3 நிமிடம். ஒரு காலை மடக்கி அதன்மேல் சாய்கிற 'தூங்கும் அன்னம்' பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முழங்காலுக்கு ஆபத்தானது அதுதான். அதே இழுப்பை மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மற்றத் தொடைமேல் போட்டு இழுத்தும் பெறலாம். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

முதுகுத் தட்டு பிதுங்கியவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு அளவுக்கு மேல் வளையும். "மூட்டு நாரை இழுப்பது கெடுதல்" என்று இந்த முறையைக் குறை சொல்கிறவர்கள் இவர்கள் விஷயத்தில் சொல்வது நியாயம்தான். இப்படி மூட்டு வளைகிறவர்கள் கடைசிவரை போகவே கூடாது, பாதி வழியில் தலையணையை வைத்து நின்றுவிட வேண்டும்.

அப்புறம், வெளியே வருவது. வீடியோக்களில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். டைமர் அடித்ததும் வெடுக்கென்று எழாதீர்கள். 5 நிமிடம் இழுபட்ட இடம் அந்த நேரத்தில் பலவீனமாக இருக்கும். கையைத் தரையில் ஊன்றி முதுகை மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் கொடுத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி, ஒவ்வொரு காலாகத் தூக்கிச் சேர்த்து வையுங்கள். அப்படியே மல்லாந்து படுங்கள். தொடை இடுக்கில் வெதுவெதுப்பாக ஏதோ பரவும். அது அடங்குகிறவரை ஒரு நிமிடம், வேண்டுமானால் இரண்டு நிமிடம் கிடங்கள். அடுத்த ஆசனத்துக்கு அவசரமே இல்லை.