ஸ்டோரி கவுண்டியில் ஏக்கர் என்ன விலை?

போன இதழில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி நிலம் வாங்குவது பற்றித்தான். அதிலும் ஏம்ஸ் நகரம் இருக்கும் ஸ்டோரி கவுண்டியைப் பற்றியே அதிகம் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கே: ஏம்ஸில் வேலை பார்க்கிறேன். ஏக்கர் 11,000 டாலருக்கு மேல் போகிறது என்கிறார்கள். மக்காச்சோளம் விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியுமா?

ப: உங்கள் ஆயுசுக்குள் கஷ்டம். உங்கள் ஊரிலேயே இருக்கும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1941 முதல் நில விலையைக் கணக்கெடுத்து வருகிறது. அதன்படி மாநில சராசரி 2023ல் ஏக்கருக்கு 11,835 டாலர், 2024ல் 11,467. அதே 2023ல் சராசரி ரொக்கக் குத்தகை ஏக்கருக்கு வருடம் 279 டாலர். வகுத்துப் பாருங்கள், 2.4 சதவீதம்கூட வரவில்லை, அதிலும் சொத்து வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். நிலம் வாங்க வங்கிக்குப் போனால் அந்தச் சமயத்தில் வட்டி 7 சதவீதத்துக்கு மேல். சரி, குத்தகைக்கு விடாமல் நானே பயிர் வைக்கிறேன் என்றால், 2024ல் அயோவாவின் சராசரி மகசூல் 211 புஷல், அதுவரை காணாத மகசூல் அது, ஆனால் புஷலுக்குக் கிடைத்த விலை 4 டாலரை ஒட்டித்தான். (ஒரு புஷல் மக்காச்சோளம் என்பது 56 பவுண்டு.) ஏக்கருக்கு 840 டாலர் வரவு வைத்தால் விதை, உரம், களைக்கொல்லி, இயந்திரம், காப்பீடு, நிலத்துக்கான செலவு எல்லாம் சேர்ந்து அதை விழுங்கிவிடும். இயந்திரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஒரு புது அறுவடை இயந்திரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள்.

கே: கணக்கே உதைக்கிறதே, அப்புறம் யார்தான் வாங்குகிறார்கள்? பில் கேட்ஸ் மாதிரி ஆட்கள் புகுந்துதானே விலை ஏறியது?

ப: பில் கேட்ஸிடம் 2021 நிலவரப்படி 2.42 லட்சம் ஏக்கர் விவசாய நிலம் இருந்ததாகச் செய்தி வந்தது, கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் மொத்த விவசாய நிலம் சுமார் 88 கோடி ஏக்கர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அயோவாவிலோ கம்பெனிகள் விவசாய நிலம் வைத்துக்கொள்வதற்கே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு.

வாங்குகிறவர் பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். பல்கலைக்கழகக் கணக்கெடுப்பில் வருடா வருடம் இதே பதில்தான் வருகிறது. அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் ஏக்கர் இருக்கும், அப்பா காலத்தில் வாங்கியது, கடன் இல்லாதது. டிராக்டரும் களஞ்சியமும் தயாராக இருக்கின்றன. பக்கத்து 80 ஏக்கர் இன்றைக்கு ஏலத்துக்கு வருகிறது, இன்று விட்டால் அது மறுபடி விற்பனைக்கு வர ஒரு தலைமுறை ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த 80 ஏக்கர் தன் விலையைத் தானே சம்பாதித்துக் கட்ட வேண்டியதில்லை, மீதி ஆயிரம் ஏக்கர் அதைத் தூக்கிச் சுமக்கும். சம்பளக்காரரான நீங்கள் அவரோடு ஏலத்தில் கை தூக்கினால் தோற்பது நல்லது, ஜெயித்தால்தான் ஆபத்து.

விற்பவர்களும் அதிகம் இல்லை. அயோவா விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போது விற்றால் இத்தனை வருட விலையேற்றத்துக்கும் வரி கட்ட வேண்டும், இறந்தபின் வாரிசுக்குப் போனால் அன்றைய சந்தை விலையே வாங்கிய விலையாக வரித்துறையால் எடுத்துக்கொள்ளப்படும். யார்தான் அவசரப்பட்டு விற்பார்?

இன்னொன்று இருக்கிறது, ஸ்டோரி கவுண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. தெற்கே டி மாயின் நகரம் அங்கெனி வழியாக உங்கள் பக்கம் வளர்ந்துகொண்டே வருகிறது. அங்கே வீட்டு மனைக்காக நிலத்தை விற்றவர் அந்தப் பணத்தை 180 நாளுக்குள் வேறு நிலத்தில் போட்டால் இப்போதைக்கு வரி இல்லை, 1031 பரிமாற்றம் என்று சொல்வது அதைத்தான். எதை வாங்குவது என்று 45 நாளுக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கையில் மனை விலைப் பணம், தலைக்கு மேல் கெடு, அந்த மனிதர் ஏலத்தில் வந்து உட்கார்ந்தால் மக்காச்சோளக் கணக்கெல்லாம் எங்கே எடுபடும்?

கே: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். சும்மா ஒரு 40 ஏக்கர் முதலீடாக வாங்கிப் போடலாமா?

ப: அயோவாவில் முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அங்கே விவசாய நிலம் வாங்கத் தடை இருக்கிறது. விவசாயம் அல்லாத வேலைக்கு 320 ஏக்கருக்குள் என்று ஒரு விலக்கு உண்டு, ஆனால் 5 வருடத்தில் அந்த வேலைக்கு மாற்றியாக வேண்டும், உங்கள் முதலீட்டுக்கு அது உதவாது. எல்எல்சி என்று ஒரு சின்ன நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்று நண்பர் யாராவது யோசனை சொல்லியிருப்பார், வெளிநாட்டவர் கையில் பெரும்பான்மை இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் அதே தடைதான், 2024ல் அபராதத்தையும் கூட்டிவிட்டார்கள். பக்கத்து இல்லினாயில் வாங்கலாம், ஆனால் 1978ஆம் வருடத்து மத்திய சட்டப்படி 90 நாளுக்குள் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எதுவானாலும் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், நான் பத்தி எழுதுகிறவன்.

கே: ஏல விளம்பரத்தில் சிஎஸ்ஆர்2 என்று ஒரு எண் போடுகிறார்களே?

ப: மண்ணுக்குப் போட்ட மார்க் அது, நூற்றுக்கு இத்தனை என்று. 85 என்றால் அருமையான மண், 50 என்றால் ஏன் விற்கிறார்கள் என்பது புரிந்துவிடும். ஆனால் ஸ்டோரி கவுண்டியில் அந்த எண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பனியாறு தேய்த்துவிட்டுப் போன தட்டையான பூமி, ஒரு காலத்தில் பாதி சதுப்பு. மண்ணுக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் அது இந்த விலைக்கு வந்தது. அந்தக் காலத்தில் சுட்ட மண் குழாய், இப்போது துளையிட்ட பிளாஸ்டிக், இரண்டுக்கும் பெயர் டைல்தான். எங்கே ஓடுகிறது, எப்போது பதித்தது, வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் ஒருமுறை மே மாதத்தில் ஒரு நிலத்தைப் பார்க்கப் போனேன், சிஎஸ்ஆர்2 மார்க் பிரமாதம், நடுவில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

கே: வாங்கிய மறுநாளே குத்தகைக்காரரை வெளியே அனுப்பிவிடலாமா?

ப: அயோவாவில் குத்தகை வருடம் மார்ச் 1ல் தொடங்குகிறது. முடித்துக்கொள்ள நினைத்தால் அதற்கு முந்தைய செப்டம்பர் 1க்குள் முறைப்படி எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அக்டோபரில் வாங்கினீர்கள், நோட்டீஸ் போகவில்லை என்றால் அடுத்த வருடமும் பொதுவாக அவர்தான் உழுவார்.

கே: நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்கிறார் என் மாமா. உண்மையா?

ப: மாமா 1980களில் அயோவாவில் இருந்ததில்லை போலிருக்கிறது. 1981ல் சராசரி 2,147 டாலர், 1986ல் 787. ஐந்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம் மிஞ்சியது. எழுபதுகளில் ஏறுகிற விலையை ஈடு காட்டிக் கடன் வாங்கி மேலும் நிலம் வாங்கினார்கள். பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது, 1980 டிசம்பரில் வங்கிகளின் பிரைம் ரேட், அதாவது நம்பிக்கையான வாடிக்கையாளருக்கே போடும் வட்டி, 21.5 சதவீதம். அதே வருடம் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் தடை போட்டார். நிலம் போனது, வீடு போனது, ஊர் வங்கிகளும் மூடின. சமீபத்திலும் 2013ல் 8,716 ஆக இருந்தது 2016ல் 7,183க்கு வந்தது, ஆனால் அப்போது யாரும் பெரிதாக அலறவில்லை. பெரும்பாலான நிலத்தின் மேல் கடன் இல்லை, அதனால் விற்றுத் தொலைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, அதுதான் வித்தியாசம். கடன் வாங்கி வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் உங்களுக்குப் பொருந்தாது.

கே: வழியெல்லாம் மக்காச்சோளம், கடையில் மட்டும் ஏன் மலிவு இல்லை?

ப: வழியில் பார்ப்பது நீங்கள் கடித்துத் தின்கிற ரகமே இல்லை. அயோவா மக்காச்சோளத்தில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது, மீதியில் பெரும்பங்கு பன்றிக்கும் மாட்டுக்கும் கோழிக்கும். சந்தேகமாக இருந்தால் செப்டம்பரில் ஒரு கதிரை வாயில் வைத்துப் பாருங்கள், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு.