வீடியோவுக்கு வழிவிடும் ரூட்டர்: கேள்வி பதில்

குளச்சல் வாசகர்: ஐயா, எங்கள் ஆலயத்தின் ஞாயிறு திருப்பலியை நேரலையாக அனுப்புகிறோம். படம் நின்று நின்று வருவதாக வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் வருந்துகிறார்கள். இப்போது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. 200 ஆக்கலாமா?

பதில்: பணத்தைக் கட்டுவதற்கு முன் பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள். நேரலை போவது அந்த வழியில்தான். 1080பி படத்துக்கு 4 முதல் 6 எம்பிபிஎஸ் போதும். பதிவேற்றம் 20 இருந்தாலே தாராளம்.

அப்படியும் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் வரிசை. பூசை நேரத்தில் யாரோ ஒருவருடைய போன் படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். பாக்கெட்டுகள் (இணையத்தில் போகும் தரவுத் துண்டுகள்) மோடத்தில் குவிந்து, உங்கள் வீடியோ அவற்றின் பின்னால் காத்து நிற்கும். ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே பிங் (பதில் திரும்பி வரும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்துப் பாருங்கள். 20 மில்லி விநாடி 300 ஆக எகிறினால் சந்தேகமே வேண்டாம்.

எஸ்க்யூஎம் (SQM) என்ற, பாக்கெட் வரிசையைச் சீராக்கும் வசதியுள்ள ரூட்டரை வாங்குங்கள். அதில் கேக் (CAKE) அல்லது எஃப்க்யூ கோடெல் (fq_codel) என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை உச்சவரம்பாக வையுங்கள். மீதி 10 சதவீதம் வீணாகிறதே என்று மனம் கேட்காது, ஆனாலும் விட்டுக்கொடுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தை விட்டு உங்கள் ரூட்டருக்கு வரும். யார் முந்துவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியும். இதைச் செய்யாமல் முன்னுரிமைப் பட்டியல் எழுதிப் பயனில்லை. நேரலைக் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் இணைத்துவிடுங்கள்.

தக்கலை ஆசிரியை: நான் இணையவழியில் வகுப்பு எடுக்கிறேன். அடுத்த அறையில் மகன் யூடியூப் பார்க்கிறான். இரண்டும் வீடியோதானே, இரண்டுக்கும் முன்னுரிமை தரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. யூடியூப் பல விநாடிக்கான படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், அது காத்திருக்கலாம். உங்கள் வகுப்பு காத்திருக்காது. பேச்சு ஒரு வழியில் 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை. எந்தப் பாக்கெட் முந்த வேண்டும் என்று அதிலேயே எழுதும் முன்னுரிமைக் குறிதான் டிஎஸ்சிபி. ஒலிக்கு இஎஃப் (46), அழைப்பு வீடியோவுக்கு ஏஎஃப்41 (34) என்ற குறிகள் வழக்கம். ஒலிக்கே முதலிடம் கொடுங்கள். படம் மங்கினாலும் பாடம் நடக்கும். குரல் அறுந்தால் நின்றுவிடும்.

மார்த்தாண்டம், சிசிடிவி பொருத்துபவர்: நகைக்கடையில் 16 கேமரா. டிஎஸ்சிபி குறி வைத்தும் முதலாளியின் போனில் படம் திணறுகிறது.

பதில்: கடைக்கு வெளியே அந்தக் குறியை நம்பாதீர்கள். பெரும்பாலான இணைய நிறுவனங்கள் அதை அழித்துவிடும், அல்லது கண்டுகொள்ளாது. போனுக்குச் சப்ஸ்ட்ரீம் (கேமரா தரும் குறைந்த தரப் படம்) அனுப்புங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கேமராவுக்கு 4 வீதம் 64 எம்பிபிஎஸ். ரெக்கார்டருக்குப் போகும் போர்ட் 100 தான் என்றால், பல கேமராக்களின் முழுப் பிரேம்கள் (முழுப் படத்தையும் சுமக்கும் பெரிய பிரேம்கள்) ஒரே கணத்தில் வரும்போது நிரம்பி வழியும். அங்கே ஜிகாபிட் போர்ட் வேண்டும். பில்லிங் கணினிகளுக்குத் தனி விலான் (அதே சாதனங்களில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போடுங்கள்.

கன்னியாகுமரி விடுதி உரிமையாளர்: சூரிய உதயத்தின்போது விருந்தினர் அனைவரும் மொட்டை மாடியிலிருந்து வீடியோ அழைப்பு செய்கிறார்கள். வைஃபை படுத்துவிடுகிறது.

பதில்: கீழ்த்தளத்து சிக்னலை எட்டிப் பிடிக்கும் போன்கள் மெதுவாகப் பேசி, எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. மாடியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) ஒன்று வையுங்கள். உப்புக்காற்றுக்குத் தாங்கும் வெளிப்புற மாடலாக இருக்கட்டும். டபிள்யூஎம்எம் (வைஃபையில் குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் வசதி) இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.