மீனுக்கு நோய் தந்த பாக்டீரியா எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நோயுற்ற மீனிலிருந்து காரணமான பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து, அது எந்த இனம் என்று உறுதிசெய்வதுதான் இந்த வேலை. பண்ணை மீனானாலும் ஆற்று மீனானாலும் அடிப்படை முறை ஒன்றே.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. மீனின் தோல், செவுள், குடல் எங்கும் எப்போதும் பாக்டீரியா மண்டிக்கிடக்கும். நலமான மீனின் சிறுநீரகத்தில் பொதுவாக இருக்காது. அதனால் சாகும் தறுவாயில் உள்ள மீனை அறுத்து, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்பான சிறுநீரகத்தில் கம்பி முனையைத் தொட்டு, அகார் தட்டில் (பாக்டீரியா வளர்வதற்கான சத்துக்கூழ் பரப்பிய தட்டு) கோடாக இழுக்கிறார்கள். சந்தைக் கூட்டத்தில் திருடனைத் தேடுவதைவிடப் பூட்டிய அறைக்குள் நுழைந்தவனைப் பிடிப்பது எளிது இல்லையா, அது மாதிரி. செத்து நேரமான மீன் உதவாது. குடல் பாக்டீரியா உடலெங்கும் பரவியிருக்கும்.

தட்டில் வளர்ந்ததைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அப்புறம் பிசிஆர் (மரபணுவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் சோதனை) மூலம் மரபணுவைச் சரிபார்ப்பார்கள். தட்டை வைத்திருக்கும் வெப்பநிலையும் பொருந்த வேண்டும்: குளிர்நீர் மீன்களைத் தாக்கும் ஃபிளேவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம் என்ற பாக்டீரியா 15 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாக வளரும், 37 டிகிரியில் தட்டு காலியாகவே இருக்கும்.

புண்ணில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா கிடைத்தாலே அதுதான் காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது நன்னீரில் இயல்பாகவே வாழ்வது, வேறு காரணத்தால் வந்த புண்ணில் பின்னால் குடியேறியிருக்கலாம்.